முறுக்கி ஓடிய பெல்ட்: செவர்லே கார்வேரின் கதை

சாதாரணக் காரில் ஃபேன் பெல்ட் அறுந்தால் ரேடியேட்டர் கொதிக்கும், ஆவி கிளம்பும், ஓட்டுகிறவர் பார்த்து வண்டியை ஓரம் கட்டிவிடுவார். ஆனால் ரேடியேட்டரே இல்லாத இன்ஜினில்? அங்கே கொதிக்கத் தண்ணீரும் இல்லை, ஆவியும் இல்லை. டாஷ்போர்டில் எரியும் ஒரு சின்ன விளக்கைக் கவனிக்காமல் விட்டால் இன்ஜின் வெந்துபோகும். 1960களில் அமெரிக்காவில் லட்சக்கணக்கான குடும்பங்கள் அப்படி ஒரு காரை ஓட்டின. அதுதான் செவர்லே கார்வேர்.

1950களின் கடைசியில் ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் பீட்டில் அமெரிக்கச் சந்தையில் கிடுகிடுவென்று விற்றது. படகு போன்ற பெரிய கார்களையே செய்து பழகிய டெட்ராய்ட் விழித்துக்கொண்டது. செவர்லேயின் தலைவராக இருந்த எட் கோல், பீட்டிலைப் போலவே இன்ஜினைப் பின்னால் வைத்தார், காற்றாலேயே குளிர வைத்தார். ஆனால் நான்கு சிலிண்டருக்குப் பதில் ஆறு. பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். 1959 அக்டோபரில் கார் விற்பனைக்கு வந்தது.

பீட்டிலில் ஜெனரேட்டர் ஷாஃப்டின் ஒரு முனையிலேயே ஃபேன் இருக்கும். ஒரு பெல்ட், இரண்டு கப்பி, இரண்டும் ஒரே நேர்கோட்டில். வேலை சுலபம். கார்வேரிலோ ஃபேனை இன்ஜின் தலைமேல் படுக்கவைத்துவிட்டார்கள். இரண்டு பக்க சிலிண்டர்கள் மேலும் அது காற்றைக் கீழ்நோக்கித் தள்ளும். கிராங்க் கப்பி நின்றபடி சுற்றுகிறது, ஃபேன் கப்பி படுத்தபடி சுற்றுகிறது. இரண்டையும் ஒரே பெல்ட் ஓட்டவேண்டும்! அதனால் பெல்ட் கீழிருந்து மேலே ஏறி, ஒரு பக்கம் ஜெனரேட்டர் கப்பியிலும் மறுபக்கம் ஐட்லர் கப்பியிலும் வளைந்து, 90 டிகிரி முறுக்கிக்கொண்டு ஃபேனைச் சுற்றிவரும்.

பழைய மில்களில் தோல் பெல்ட்டை இப்படித் திருப்பி ஓட்டியது உண்டுதான். ஆனால் மில் ஷாஃப்ட் நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றும். கார் அப்படியா? கியர் மாற்ற ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் வேகம் சட்டென்று விழுகிறது. கனமான ஃபேனோ தன் வேகத்திலேயே சுற்றப் பார்க்கிறது. பெல்ட்டில் இறுகியிருந்த பக்கம் தளர்கிறது, தளர்ந்திருந்த பக்கம் இறுகுகிறது. அந்த நொடியில் பெல்ட் காடியிலேயே புரண்டுவிடும், அல்லது கழன்று விழும். கூலிங்கும் போயிற்று, பேட்டரி சார்ஜும் போயிற்று.

பெல்ட் கழன்றால் எந்த மெக்கானிக்குக்கும் முதலில் தோன்றுவது இன்னும் இறுக்கலாம் என்பதுதான். இங்கே அது தப்பான வைத்தியம். அதிகம் இறுக்கினால் ஃபேன் பேரிங்கும் ஜெனரேட்டர் பேரிங்கும் தேயும், முறுக்கில் ஓடும் பெல்ட்டும் சூடாகிச் சீக்கிரம் அறும். கொஞ்சம் தளர்வாக விடுவதே சரி. அப்படி விட்டால் கழலுமே? அதற்குத்தான் கப்பிகளின் பக்கத்தில் உலோக கைடுகளைப் பொருத்தினார்கள். ஓடும் பெல்ட்டை உரசக்கூடாது, அதேசமயம் விலகித் தாவவும் இடம் தரக்கூடாது. அந்த மெல்லிய இடைவெளியில்தான் விஷயமே இருந்தது. கைடு வளைந்துபோனால் அதுவே பெல்ட்டை அறுக்கும்.

ஆனால் நோயின் வேரைத் தொட்டது 1964 மாடலில் வந்த மெக்னீசிய ஃபேன். எடை குறைந்ததும் ஃபேனின் பிடிவாதமும் குறைந்தது. முதலிலேயே இதைச் செய்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். 2,000 டாலரை ஒட்டி விலை வைத்த காரில் ஒவ்வொரு டாலருக்கும் கணக்கு உண்டு.

1965ல் ரால்ஃப் நாடர் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே கார்வேரைப் பற்றியது. ஆனால் அவர் குறை சொன்னது பின் சஸ்பென்ஷனை, பெல்ட்டை அல்ல. விற்பனையை அதற்கு முன்பே அடித்தது 1964ல் வந்த ஃபோர்டு மஸ்டாங். 1969 மே மாதம் கடைசி கார்வேர் வெளிவந்தபோது மொத்த எண்ணிக்கை சுமார் 18 லட்சம். அனுபவப்பட்டவர்களின் கார்வேரில் முன்பக்க டிக்கியைத் திறந்தால், ஒரு ஸ்பேர் பெல்ட்டும் ஸ்பேனரும் இருக்கும்.