ஸ்பெக்ட்ரமும் கொமடோரும்: ஒரு வழக்கின் வரலாறு

கட்சி கட்டி வாதிடுவதும், வாதிட்ட நாள்களைப் பின்னர் எண்ணி ஏங்குவதும் புலவர்க்கு மட்டுமே உரிய இயல்பு என நாம் கருதிவிடக் கூடாது. 1980களில் பிரிட்டனில் வீட்டுக் கணிப்பொறிகளைச் சுற்றி எழுந்த பூசல், அவ்வியல்பு எங்கும் எவர்க்கும் உரியது என்பதற்கு நல்லதொரு சான்று.

1980ஆம் ஆண்டில் கிளைவ் சின்கிளேர் நூறு பவுனுக்கும் குறைந்த விலையில் இசட்எக்ஸ்80 என்னும் சிறு கணிப்பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1982 ஏப்ரலில் வண்ணம் காட்டும் ஸ்பெக்ட்ரம் வந்தது. 16 கிலோபைட் நினைவகம் கொண்டது 125 பவுன். 48 கிலோபைட் கொண்டது 175 பவுன். வீட்டுத் தொலைக்காட்சியே அதற்குத் திரை. சாதாரண ஒலிநாடாக் கருவியே அதற்குச் சேமிப்பகம். அதே ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் கண்காட்சியில், ஜாக் டிராமியேலின் நிறுவனம் கொமடோர் 64ஐ அறிமுகம் செய்திருந்தது. அதன் விலை 595 டாலர். பிரிட்டனிலும் அது ஸ்பெக்ட்ரத்தைவிடக் கணிசமாக விலை கூடியதாகவே விற்றது.

பூசலின் வேர் இவ்விலை வேறுபாட்டில்தான் இருந்தது. எந்தக் கருவி சிறந்தது என்று ஆராய்ந்து தேர்ந்த சிறுவர் மிகச் சிலரே. தந்தையின் பணப்பை எதற்கு இடங்கொடுத்ததோ அது வீட்டுக்கு வந்தது. வந்ததே சிறந்தது எனப் பிள்ளைகள் நிலைநாட்ட வேண்டியதாயிற்று. இரண்டையும் வாங்க இயலாத நிலையே கட்சிகளைப் பிறப்பித்தது எனலாம்.

கொமடோர் கட்சியார் தம் கருவியின் ஒலியைப் பாடினர். பாப் யானஸ் வடிவமைத்த அதன் ஒலிச்சில்லு ஒரே வேளையில் மூன்று குரல்களை எழுப்பும். ராப் ஹப்பர்டு, மார்ட்டின் கால்வே போன்றோர் அதில் அமைத்த இசையை, விளையாட்டை மறந்து கேட்டவர் பலர். ஸ்பெக்ட்ரம் கட்சியாரோ தம் செயலியின் துடிப்பு நொடிக்கு 35 லட்சம், எதிரியினதோ ஏறத்தாழப் பத்து லட்சமே என்றனர். ஒரு கட்டளையை முடிக்க இரு செயலிகளும் எடுத்துக்கொள்ளும் துடிப்புகள் வெவ்வேறு. எனவே அவ்வெண்களை நேருக்கு நேர் ஒப்பிட இயலாது. ஆயினும் கட்சி வாதத்திற்கு எண்ணே போதுமானதாக இருந்தது.

ஸ்பெக்ட்ரத்தின் பெருங்குறை அதன் வண்ண அமைப்பு. திரை 768 கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒரு கட்டத்தில் இரண்டு வண்ணங்களுக்கு மேல் நில்லா. நடந்து செல்லும் உருவம் ஒரு மரத்தைக் கடந்தால் மரத்தின் நிறம் அவ்வுருவின்மேல் ஒட்டிக்கொள்ளும். எதிர்க்கட்சிக்கு இது ஓயாத நகைப்பு. ஆனால் தளை தட்டாமல் பாடும் கவிஞரைப் போல, இக்கட்டுக்குள் நின்றே வென்றவர் உண்டு. 1984இல் வெளிவந்த ‘நைட் லோர்’ என்னும் விளையாட்டு, அறை முழுவதையும் ஒரே வண்ணத்தில் தீட்டி அக்குறையை மறைத்தது. முப்பரிமாணத் தோற்றத்தையும் அளித்தது.

பூசல் சிறுவரோடு நிற்கவில்லை. சின்கிளேரிடம் பணியாற்றி விலகிய கிறிஸ் கர்ரி, ஹெர்மன் ஹவுசருடன் சேர்ந்து ஏகார்ன் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். பிபிசியின் கணிப்பொறிக் கல்வித் திட்டத்திற்கான வாய்ப்பைச் சின்கிளேர் ஏகார்னிடம் இழந்தார். 1984 டிசம்பரில் ஏகார்ன் வெளியிட்ட ஒரு விளம்பரம் காரணமாகக் கேம்பிரிட்ஜ் மதுக்கூடம் ஒன்றில் இருவரும் கைகலந்தனர்.

வணிகர்க்கோ இரு கட்சியும் வேண்டும். ஸ்பெக்ட்ரம் அன்பர்களின் ‘கிராஷ்’ இதழ் 1984இலும், கொமடோர் அன்பர்களின் ‘ஸாப்!64’ இதழ் 1985இலும் தொடங்கின. இரண்டையும் வெளியிட்டது லட்லோ என்னும் சிற்றூரிலிருந்த நியூஸ்ஃபீல்டு என்ற ஒரே நிறுவனம்!

1986இல் சின்கிளேரின் கணிப்பொறித் தொழிலை ஆம்ஸ்ட்ராட் 50 லட்சம் பவுனுக்கு வாங்கியது. 1992இல் ஸ்பெக்ட்ரத்தின் உற்பத்தி நின்றது. 1994இல் கொமடோர் நிறுவனம் நொடித்தது. டிராமியேல் 2012இலும் சின்கிளேர் 2021இலும் மறைந்தனர். வழக்காடிய சிறுவர்கள் மட்டும் நரை கூடியும் வழக்கை விடவில்லை. அவர்களுக்காக ரெட்ரோ கேம்ஸ் நிறுவனம் 2018இல் கொமடோரின் சிற்றுருவையும், 2024இல் ஸ்பெக்ட்ரத்தின் மறுவடிவையும் வெளியிட்டது. மீண்டும் ஒரே கடையில் இரு கொடிகள்!

அக்காலத்தில் டிராகன் 32, ஓரிக், ஜூப்பிட்டர் ஏஸ் எனப் பல கருவிகள் பிறந்தன. அவற்றை இன்று போற்றுவோர் சிறு தொகையினரே. அவற்றுக்குத் திறன் இல்லாமலில்லை. தக்க எதிரி அமையவில்லை. ஸ்பெக்ட்ரத்தின் வண்ணக் குறையை மறக்கவிடாமல் காத்தவர் கொமடோர் கட்சியார். அக்குறையே இன்று அன்பர்கள் நெகிழ்ந்து நினைக்கும் அழகாயிற்று. ஒருவர் உடைமையை மற்றவர் பழித்ததால் இரண்டுமே நிலைபெற்றன. மரபா புதிதா என்று பத்தாண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாதிட்ட நம்மனோர்க்கு இவ்வரலாறு அயலதாகத் தோன்றாது.