‘ஆமா’ சொல்ல ஓர் ஆள்

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே மேட்டாங்காட்டுப் பூமி எங்களுடையது. நான் சிறுவனாயிருந்தபோது, கடலைக்காய் பறித்து முடிந்ததும் மாரியம்மன் கோயில் வாசலில் உடுக்கைப் பாட்டு வைப்பார்கள். அண்ணன்மார் கதைதான் பாடுவார்கள். சங்கர் வாளில் விழுந்து உயிர்விடும் இடம் வந்ததும், என் அப்பாரு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிடுவார்.

“கதைதான் உங்களுக்கு முன்னமே தெரியுமில்லீங்களா அப்பாரு? அப்புறம் எதுக்குங்க அழுவறீங்க?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“தெரியுது சாமி. போகாதீங்கன்னு போய்ச் சொல்ல முடியலியே!” என்றார்.

கதையை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். குன்னுடையானுக்கும் தாமரைக்கும் நெடுநாள் தவத்துக்குப்பின் பிறந்தவர்கள் பொன்னர், சங்கர் என்ற இரட்டையர். அவர்களுடைய தங்கை அருக்காணித் தங்காள். பங்காளிப் பகையில் தொடங்கி, கொம்பன் என்ற காட்டுப் பன்றியிலும் வேட்டுவரோடு நடக்கும் போரிலும் முடிகிற கதை. அண்ணன்மார் இருவரும் மாள, தங்காள் தேடி வந்து அவர்களைச் சற்று நேரம் எழுப்பிப் பேசுகிறாள். மணப்பாறைக்கு அருகே வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது இன்றும் ஆட்கள் படுகளத்தில் மாண்டவர்போல் விழுவதும், பிறகு எழுப்பப்படுவதும் உண்டு.

காடு திருத்தி ஏர் பூட்டியவனுக்கும், அதே காட்டில் வேட்டையாடி வாழ்ந்தவனுக்கும் நேர்ந்த மோதல்தான் இதன் அடியில் கிடக்கிற சரித்திரம். சொல்கிறவர் உழவர் பக்கத்தில் நின்று சொல்கிறார். வேட்டுவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் அன்று எங்களோடு உட்கார்ந்திருந்தால், எந்த இடத்தில் அவன் கண் கலங்கியிருக்கும்? இந்தக் கேள்வி எனக்கு நாற்பது வயதுக்குமேல்தான் வந்தது. சாதிப் பெருமைக்காக மட்டும் இக்கதையைத் தூக்கிப் பிடிப்பவர்களுக்கு இது வருவதேயில்லை.

1965-இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ச்சி செய்த பிரெண்டா பெக் என்ற அம்மையார், இராமசாமி என்ற பாடகர் ஊரார்முன் பாடிய இக்கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதே பாடகர் தனியே உட்கார்ந்து, எழுதுகிறவருக்கு வாய்மொழியாகவும் கதையைச் சொன்னார். கதை ஒன்று; சொன்னவரும் ஒருவர். ஆனாலும் இரண்டும் ஒன்றுபோல் அமையவில்லை. அவற்றை ஒப்பிட்டு அந்த அம்மையார் 1982-இல் ஒரு நூலே எழுதினார்.

காரணம் தேடி நான் ரொம்ப தூரம் போகவில்லை. எங்கள் கோயில் வாசலில் உடுக்கையடித்துப் பாடுகிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருப்பார். “ஆமா” என்பார், “அப்புறம்?” என்பார், பாட்டின் கடைசி அடியைத் திருப்பிச் சொல்வார். சபையில் யாராவது தூங்கி விழுந்தால் அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். உடனே கதையில் ஒரு வேடிக்கை நுழையும். ஒடிசாவில் தாஸகாதியா என்று ஒரு கலை இருக்கிறது. அதிலும் இருவர்தாம்: முதற்பாடகர் ஒருவர், அவருக்கு ஈடு கொடுக்கும் ‘பாலியா’ ஒருவர். கையில் மரத்துண்டுகளைத் தட்டிக்கொண்டு பாடுவார்கள். மொழி வேறானாலும், தனியாளாகக் கதை சொல்ல முடியாது என்பதை அவர்களும் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

அண்ணன்மார் கதை அழிந்துவிடும் என்று எனக்குப் பயமில்லை. கவிஞர் சக்திக்கனல் 1971-இல் அதைப் பதிப்பித்திருக்கிறார். கலைஞர் கருணாநிதி ‘பொன்னர் சங்கர்’ நாவலாக எழுதினார். 2011-இல் அது திரைப்படமாகவும் வந்தது. சொற்கள் பத்திரமாக இருக்கின்றன.

போன வருஷம் ஊர் நோன்புக்குப் போயிருந்தேன். கோயில் ஒலிபெருக்கியில் அதே கதை, பதிவு செய்த பாட்டாக ஓடிக்கொண்டிருந்தது. கீழே இரண்டு நாய்கள் படுத்திருந்தன. சங்கர் செத்தபோது மிட்டாய்க் கடைக்காரர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியுமா? அந்தப் பெட்டி அவரிடம் “கேட்கிறீர்களா?” என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே!

நானும் மேஜைமுன் தனியாக உட்கார்ந்து கதை எழுதிப் பிழைக்கிறவன்தான். ஆகையால் அந்த இரண்டாம் ஆளின் அருமை எனக்குத் தெரியும். வருகிற நோன்புக்குப் பாடகர் இருவரை அழைத்து வரலாம் என்று ஊரில் பேச்சிருக்கிறது. வரி கேட்டு வந்தவர்களிடம் பணம் கொடுத்துவிட்டேன். கூடவே, விடியும்வரை உட்கார ஒரு பாயும் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.