மழலைச் சுமையும் முதுகின் நலமும்



பிறந்த குழந்தையின் எடை ஏறத்தாழ 3 கிலோகிராம். ஓராண்டு நிறைவில் அது 9 கிலோகிராமை எட்டுகின்றது. சுமப்பவரின் முதுகெலும்போ அந்த ஓராண்டில் மும்மடங்கு வலிமை பெறுவதில்லை. மகப்பேற்றின்பொருட்டுத் தளர்ந்த இடுப்பின் தசைநார்கள் மீண்டும் இறுகுமுன்பே தாய்மார் இச்சுமையை ஏற்க நேர்கின்றது. "பிள்ளை பெற்றவளுக்கு முதுகுவலி இயல்புதானே" என்று கூறி அதனை ஒதுக்கிவிடுதல் நம்மிடையே வழக்கம். ஆயின், மனித இனம் இவ்விடர்ப்பாட்டைப் பன்னெடுங்காலமாக எவ்வாறு எதிர்கொண்டது என்னும் வரலாற்றை நோக்குவோமாயின், இவ்வலியில் பெரும்பகுதி தவிர்க்கக் கூடியதே என்பது புலனாகும்.

குரங்கின் குட்டி தாயின் மயிரைத் தானே பற்றிக்கொள்கின்றது. நிமிர்ந்து நடக்கத் தொடங்கி, உடல் மயிரும் குறைந்துபோன மனித குலத்தின் குழந்தைக்கு அவ்வாய்ப்பு இல்லை. அதனைப் பிறர் ஏந்தியே ஆகவேண்டும். எனவே, தோலாலோ நாராலோ ஆகிய ஏந்துபட்டை, மனிதர் ஆக்கிய முதற் கருவிகளுள் ஒன்றாக இருத்தல் கூடும் என்று மானிடவியலார் சிலர் கருதுவர். தோலும் நாரும் மட்கிப்போவன ஆதலின் இதற்கு நேர்ச்சான்று கிட்டுவதில்லை. எனினும், 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, குழந்தையைக் கைகளில் ஏந்தி நடப்பதற்கு, துணியில் இட்டு நடப்பதைக் காட்டிலும் சராசரியாக 16 விழுக்காடு மிகுதியான ஆற்றல் செலவாகின்றது எனக் கண்டது.

உலகெங்கும் இந்த உண்மையை மக்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். மெக்சிகோவில் ரெபோசோ, கொரியாவில் பொடேகி, கிழக்கு ஆப்பிரிக்காவில் காங்கா, சப்பானில் ஒன்புஹிமோ எனத் துணியும் பட்டையும் வேறுபட்டன, நோக்கம் ஒன்றே. வடதுருவத்து இனுவிட் மகளிரின் அமௌட்டி என்னும் மேலாடையில், குழந்தை அமர்வதற்கென்றே முதுகுப்புறத்தில் பை தைக்கப்பட்டிருக்கும். ஐரோப்பாவும் இதற்கு விலக்கன்று. இத்தாலியின் பதுவா நகரச் சிற்றாலயச் சுவரில், 1305ஆம் ஆண்டையொட்டி ஓவியர் ஜோத்தோ தீட்டிய எகிப்துப் பயணக் காட்சியில், கழுதைமேல் செல்லும் மரியாளின் கழுத்தில் கட்டிய துணியே குழந்தையைத் தாங்குகின்றது.

பின்னர் இவ்வழக்கம் அங்கே ஏன் அருகிற்று? வசதியைவிடத் தகுதி பற்றிய எண்ணமே இதில் மேலோங்கி நின்றது எனலாம். 1733இல் வில்லியம் கென்ட் என்பார், டெவன்ஷயர் பிரபுவின் குழந்தைகளுக்காக, சிப்பி வடிவில், சிறு விலங்கு இழுத்துச் செல்லத்தக்க வண்டியொன்றை அமைத்தார். அடுத்த நூற்றாண்டில் தள்ளுவண்டி செல்வர் இல்லங்களின் அடையாளமாயிற்று. துணியில் சுமத்தல் ஏழையர் செயலெனக் கருதப்பட்டது. வேல்ஸ் நாட்டு மகளிர் சிலர் மட்டும் இருபதாம் நூற்றாண்டிலும் சால்வையில் குழந்தையைச் சுற்றிச் சுமந்தனர்.

துறந்ததை மேலைநாட்டார் மீண்டும் தேடி வந்ததும் சுவையான கதை. அமெரிக்கச் செவிலியர் ஆன் மூர், 1960களின் தொடக்கத்தில் டோகோ நாட்டில் பணியாற்றியபோது, அந்நாட்டுத் தாய்மார் முதுகில் குழந்தைகள் அமைதியாக உறங்குவதைக் கண்டார். தாயகம் திரும்பித் தமக்கு மகள் பிறந்தபின், தம் அன்னையின் உதவியால் அதைப் போன்ற பையொன்றைத் தைப்பித்தார். 1969இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். செருமனியில் இரட்டையரின் தாயாகிய எரிக்கா ஹாஃப்மன், 1972இல் இதற்கென நெய்த நீண்ட துணிகளை விற்கலானார். மலையேறுவோர் பைகளில் உள்ள இடுப்புப் பட்டை பின்னர் இவற்றோடு சேர்ந்தது.

நம் நாட்டிலோ அறுபடாத மரபுகள் உள்ளன. மிசோ மகளிர் புவான் என்னும் கைத்தறித் துணியால் குழந்தையை முதுகில் கட்டுவர். சார்க்கண்டுப் பழங்குடி மகளிரும் அவ்வாறே. 1858இல் லட்சுமிபாய் அரசியார் தம் வளர்ப்பு மகனை முதுகில் கட்டிக் குதிரையேறினார் என்பது வழக்கு. வடநாட்டில் அவருக்கு எழுப்பிய சிலைகள் பல அக்கோலத்தையே காட்டுகின்றன.

தமிழரிடையே பெருவழக்கு இடுப்பில் இடுக்கிக் கொள்ளுதலே. இதனால் உடல் ஒருபுறம் சாய்கின்றது. முதுகெலும்பும் அப்பக்கம் வளைகின்றது. ஆயினும் ஊரில் அது பெருந்தீங்கு செய்யவில்லை. ஏன்? பாட்டி, அத்தை, சித்தி, அண்டை வீட்டுப் பெண் என இடுப்புகள் பல இருந்தன. குழந்தை கைமாறிக்கொண்டே இருந்தது. மும்பையிலோ தில்லியிலோ நான்காம் மாடியில் வாழும் தமிழ்க் குடும்பத்தில் இருப்பவை ஓர் அன்னையின் இடுப்பும் ஒரு தந்தையின் தோளுமே. வழக்கத்தை உடன் கொண்டுவந்தோம். அவ்வழக்கத்தைத் தாங்கிய சுற்றத்தைக் கொண்டுவர இயலவில்லை. வலியின் வேர் ஈண்டுளது.

ஆகவே, முதுகுவலியுடைய பெற்றோர் ஏந்துபட்டையைத் தேர்கையில் இவ்வரலாறு கற்பிப்பவற்றை நினைவிற் கொள்க. சுமை உடலை விட்டு விலகுந்தோறும், நெம்புகோல் முறைப்படி முதுகின் உழைப்பு பெருகும். குழந்தை மார்போடோ முதுகோடோ ஒட்டியிருத்தல் வேண்டும். ஒற்றைத் தோளில் தொங்குவதைவிட, இரு தோள்களிலும் அகன்று படிந்து, முதுகில் குறுக்கே செல்லும் பட்டைகள் நல்லன. இடுப்புப் பட்டை வயிற்றின்மேல் அன்றி, இடுப்பெலும்பின்மேல் அமர்ந்தால் சுமை தோளிலிருந்து கீழிறங்கும். தலை நன்கு நின்று, எடையும் கூடிய குழந்தையை முதுகில் சுமப்பதே எளிது. தாயும் தந்தையும் மாறிச் சுமப்பதாயின், இருவர் உடலுக்கும் ஏற்பப் பட்டையைக் கூட்டவும் குறைக்கவும் இயலுமா என்று வாங்குமுன் அணிந்து பார்த்தல் வேண்டும்.

குழந்தையின் நலனும் இதில் அடங்கும். கால்களை நீட்டிப் பலகைத் தொட்டிலில் கட்டிய நவஹோ மக்களிடையே இடுப்பு மூட்டு பிசகிய குழந்தைகள் மிகுதியாக இருந்தனர். எனவே தொடைகள் விரிந்து, முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து அமைதல் நன்று. 2010இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், முந்திய இருபது ஆண்டுகளில் தோளில் தொங்கும் ஏந்துதுணிகளோடு தொடர்புடைய மரணங்கள் குறைந்தது 14 என அறிவித்தது. அவற்றுள் 12, நான்கு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுடையவை. மோவாய் மார்பில் புதையாமலும், மூக்கும் வாயும் மூடப்படாமலும், முகம் எந்நேரமும் நம் கண்ணுக்குத் தெரியுமாறும் சுமப்பதே காப்பு. காலில் மரத்துப்போதலோ வலுக்குறைவோ தோன்றின், பட்டையை மாற்றுவதோடு அமையாது மருத்துவரை நாடுக.

விலையுயர்ந்த பட்டை வாங்க இயலாதவரும் வருந்த வேண்டுவதில்லை. இராஞ்சியிலோ அய்சாலிலோ வாழும் தமிழ்ப் பெண், அண்டை வீட்டு மூதாட்டியிடம் சென்று, இம்முடிச்சை எனக்கும் கற்றுத் தருக என்று கேட்கலாம். கேட்பதில் இழிவில்லை, மறுப்பவரும் அரியர்.