பிராம் மோலெனார்

பிராம் மோலெனார் (1961 – 3 ஆகஸ்ட் 2023) நெதர்லாந்தைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர். நிரலாளர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் 'விம்' என்ற உரைத்தொகுப்பியை உருவாக்கியவர். 1991இல் வந்த முதல் வெளியீட்டிலிருந்து இறக்கும்வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேல், அதன் தலைமைப் பராமரிப்பாளர் அவரே. விம் இன்று மேக் கணினிகளோடும் பல லினக்ஸ் வெளியீடுகளோடும் சேர்ந்தே வருகிறது. மோலெனார் பார்த்த சம்பள வேலைகள் பல. ஆனால் அவர் பெயரை நிலைக்கச் செய்தது சம்பளமில்லாமல் தொடங்கிய இந்த ஒரு வேலைதான்.

கல்வியும் பணியும்

மோலெனார் நெதர்லாந்தின் லிஸ்ஸே என்னும் ஊரில் பிறந்தார். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்று 1985இல் பட்டம் பெற்றார். கணினி அறிவியல் அவர் படித்த பாடமன்று. படிப்புக்குப் பின் ஓசே நிறுவனத்தில் சேர்ந்து, பெரிய நகலெடுப்பு இயந்திரங்களுக்கான தொழில்நுட்பத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார். பிறகு அந்த வேலையை விட்டுத் திறந்த மூல மென்பொருளின் பக்கம் வந்தார். டச்சு அறக்கட்டளையான என்எல்நெட்டின் நிதியுதவியோடு 'ஏ-ஏ-பி' என்ற திட்டத்தை நடத்தினார். மூல நிரலிலிருந்து மென்பொருளைக் கட்டி நிறுவும் வேலையை எளிதாக்குவது அதன் நோக்கம். அது பரவவில்லை. பின்னாளில் அவர் வடிவமைத்த 'ஜிம்பு' என்னும் நிரல்மொழியும் சோதனை நிலையைத் தாண்டவில்லை. 2006 ஜூலை முதல் 2021 செப்டம்பர் வரை சூரிக் நகரில் கூகுள் அலுவலகத்தில் பணிபுரிந்தார். வேலை நேரத்தின் ஒரு பகுதியை விம்முக்குச் செலவிட அங்கே அவருக்கு இடம் கிடைத்தது.

விம் பிறந்த விதம்

விம்மின் மூதாதை 'விஐ'. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவராக இருந்த பில் ஜாய் 1976இல் எழுதியது அது. இதில் விசைப்பலகைக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஒரு நிலையில் விசைகள் எழுத்தைப் பதிக்கும். மற்றதில் அதே விசைகள் கட்டளைகளாக மாறும். கட்டளை நிலையில் 'டி' என்றால் அழி, 'டபிள்யூ' என்றால் ஒரு சொல்; இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் ஒரு சொல் அழியும். இடையில் 3 என்ற எண்ணைச் சேர்த்தால் மூன்று சொற்கள் போகும். வினையும் அளவும் சேர்ந்து ஒரு சிறு இலக்கணமே உருவாகிறது. சுட்டி நகர எச், ஜே, கே, எல் என்ற நான்கு விசைகள். ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் அந்த நான்கு விசைகளின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன என்பதே அதற்குக் காரணம். அந்த முனையம் மறைந்து போய்விட்டது; பழக்கம் மட்டும் மறையவில்லை.

மோலெனார் 1988இல் அமிகா 2000 கணினி ஒன்றை வாங்கினார். யூனிக்ஸ் இயங்குதளத்தில் விஐக்குப் பழகியிருந்த அவருக்கு அமிகாவிலும் அது வேண்டியிருந்தது. ஆனால் விஐயின் மூல நிரல் ஏடி அண்ட் டியின் யூனிக்ஸ் உரிமத்துக்குள் சிக்கியிருந்ததால் யாரும் அதை எடுத்துத் தாராளமாக மாற்றி எழுத முடியாது. எனவே பலர் அதைப் பார்த்துப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தனர். அவற்றுள் ஒன்று, அட்டாரி எஸ்டி கணினிக்காக டிம் தாம்சன் 1987இல் எழுதிய 'ஸ்டீவி'. அதை வேறு சிலர் மேம்படுத்தி அமிகாவுக்கும் கொண்டுவந்திருந்தனர். அந்த நிரலை அடித்தளமாக எடுத்துக்கொண்டு, குறைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்யத் தொடங்கினார் மோலெனார். புகழ்பெற்ற திறந்த மூலத் திட்டங்கள் பலவற்றின் தொடக்கம் இப்படித்தான் இருக்கிறது: வெற்றுத் தாளிலிருந்து எழுந்தவை குறைவு, அடுத்தவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவையே மிகுதி.

முதல் பொதுவெளியீடு, 1.14 என்னும் பதிப்பு, 1991 நவம்பர் 2 அன்று வந்தது. இணையம் வீட்டுக்கு வராத காலம் அது. அமெரிக்க நிரலாளர் ஃபிரெட் ஃபிஷ் அமிகாவுக்கான இலவச மென்பொருள்களை எண்ணிட்ட நெகிழ்வட்டுகளாகத் தொகுத்துப் பரப்பிவந்தார். அவற்றில் 591ஆம் வட்டில் விம் இடம்பெற்றது. அடுத்த ஆண்டே யூனிக்ஸுக்கு மாற்றப்பட்டது. அமிகா சந்தையிலிருந்து மறைந்தபோதும் விம் பிழைத்ததற்கு அதுவே காரணம்.

பின்வந்த பதிப்புகளில் 1998இன் 5.0 முதன்மையானது. நிரலின் உறுப்புகளை வண்ணத்தால் பிரித்துக் காட்டும் வசதியும் தொகுப்பியையே நிரலாக்கும் மொழியும் அதனோடு வந்தன. பழைய தொகுப்பியின் போலி என்ற அடையாளம் அத்தோடு கழன்றது. 2001இல் வந்த 6.0 செருகுநிரல்களுக்கும் பன்மொழி எழுத்துகளுக்கும் வழி திறந்தது. எழுத்துப்பிழை திருத்தம் 2006இன் 7.0இல் சேர்ந்தது.

பன்மொழி வசதியில் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்க் கணினி ஆர்வலர்கள் கையாண்ட திஸ்கி குறியாக்கத்துக்கான விசைவரைவு விம்மோடு சேர்த்தே தரப்படுகிறது. ரோமன் ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சிடலாம். எனினும் எல்லா எழுத்தையும் சம அகலக் கட்டங்களில் அடுக்கும் முனையத் திரையில் தமிழின் உயிர்மெய்கள் இன்றும் சீராக அமர்வதில்லை. அந்தக் குறை விம்முக்கு மட்டும் உரியதன்று.

உகாண்டா

விம்மைக் கோப்பு எதுவும் குறிப்பிடாமல் திறந்தால், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுமாறு கேட்கும் ஒரு வரி பல சமயங்களில் திரையில் தோன்றும். புதியவர்கள் இதைக் கண்டு திகைப்பதுண்டு. 1994இல் மோலெனார் தெற்கு உகாண்டாவின் கிபாலே என்ற சிற்றூருக்குச் சென்று, அங்குள்ள குழந்தைகள் மையத்தில் குடிநீர், துப்புரவுப் பணிகளுக்கான பொறியாளராகத் தொண்டாற்றினார். தான்சானிய எல்லைக்கு அருகிலுள்ள ராக்காய் மாவட்டம் அது. எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த குழந்தைகள் அங்கே மிகுதி. நாடு திரும்பிய பின் அந்த மையத்துக்கு உதவ 'ஐசிசிஎஃப் ஹாலந்து' என்னும் அறக்கட்டளையை நடத்தினார்.

விம்மை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், படியெடுக்கலாம், மாற்றலாம். பிடித்திருந்தால் கிபாலே குழந்தைகளுக்கு நன்கொடை அளியுங்கள் என்பதே உரிமத்தோடு இணைந்த வேண்டுகோள். கட்டாயம் எதுவும் இல்லை. திறந்த மூல மென்பொருளுக்குப் பணம் எப்படி வரும் என்ற கேள்விக்கு வணிக ஆதரவு, நிறுவன நிதி எனப் பல விடைகள் உண்டு. மோலெனாரின் விடை அவற்றோடு சேராதது: பயனர் தரும் பணம் நிரலாளருக்கு வரவே வேண்டாம் என்றார். சேர்க்கப்படவேண்டிய வசதிகளைப் பற்றி வாக்களிக்கும் உரிமையைப் பிற்காலத்தில் ஆதரவாளர்களுக்கு அளித்தபோதும், அந்தத் தொகையையும் உகாண்டாவுக்கே அனுப்பினார்.

ஒருவரே காவலர்

விம்முக்கு நூற்றுக்கணக்கானோர் பங்களித்துள்ளனர். ஆனால் எந்த மாற்றமும் மோலெனாரின் பார்வையைக் கடந்தே மூல நிரலில் சேர்ந்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் வரிசை எண் இட்டு, அவரே சேர்ப்பார். 2015இல் மூல நிரல் கிட்ஹப் தளத்துக்குக் குடிபெயர்ந்த பின்னும் இந்த முறை மாறவில்லை. பழைய கணினிகளிலும் இயங்கவேண்டும், பழைய பயனரின் விரல்பழக்கம் கெடக்கூடாது என்ற கண்டிப்பு விம்மை நம்பகமான கருவியாக்கியது. அதே கண்டிப்பு வளர்ச்சியைத் தாமதப்படுத்தவும் செய்தது. பின்னணியில் வேலைகளை இயக்கும் வசதிக்காகப் பிரேசில் நிரலாளர் தியாகோ தி அர்ருடா அனுப்பிய திருத்தம் ஏற்கப்படாததால், 2014இல் அவர் 'நியோவிம்' என்ற கிளைத்திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில், 2016இன் 8.0 பதிப்பில், விம்மும் அத்தகைய வசதியைப் பெற்றது. கிளை பிரிந்தது விம்முக்கு இழப்பு என்று சொல்வதைவிட, அது கொடுத்த அழுத்தம் விம்மை அசைத்தது என்று சொல்வதே பொருந்தும். 2022இல் வந்த 9.0 பதிப்பில் விம்மின் நிரல்மொழியை வேகத்துக்காகத் திருத்தி அமைத்தார். அவர் வெளியிட்ட கடைசிப் பெரும் பதிப்பு அது.

எழுத்தும் மதிப்பும்

உரைத்தொகுப்பியைத் திறம்படக் கையாள்வதற்கான ஏழு பழக்கங்களைப் பற்றி 2000இல் மோலெனார் ஒரு கட்டுரை எழுதினார். திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைக் கவனி, அதற்கு விரைவான வழி தேடு, அதைப் பழக்கமாக்கு என்பதே அதன் சாரம். விம் பயனர்களிடையே இன்றும் அது படிக்கப்படுகிறது. நெதர்லாந்தின் யூனிக்ஸ் பயனர் அமைப்பான என்எல்யூயூஜி 2008இல் அவருக்கு விருது வழங்கியது. விம்மின் கடினத்தன்மை நகைச்சுவைப் பொருளாகவும் ஆனது: அதிலிருந்து வெளியேறுவது எப்படி என்ற கேள்வியை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் பத்து லட்சம் முறைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள் என 2017இல் அத்தளமே அறிவித்தது.

சில வாரங்களில் விரைந்து முற்றிய நோயால் மோலெனார் 2023 ஆகஸ்ட் 3 அன்று, 62ஆம் வயதில் காலமானார். தலைமைப் பராமரிப்பை நீண்டகாலப் பங்களிப்பாளரான கிறிஸ்டியன் பிராபண்ட் ஏற்றார். ஒரே காவலரின் முறை முடிந்து, ஒரு குழு அவ்விடத்தில் அமர்ந்தது. 2024 ஜனவரி 2 அன்று வெளியான 9.1 பதிப்பு மோலெனாருக்குக் காணிக்கையாக்கப்பட்டது.