இசைத்தட்டு உறைகளும் சின்னங்களின் உரிமையும்

செட்டிநாட்டு வீடுகளின் வாயில் நிலைக்கு மேல் கஜலட்சுமியின் உருவம் செதுக்கப்பட்டிருப்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அது வெறும் அழகு வேலையன்று. அவ்வீட்டார் எதனைப் போற்றி வாழ்கின்றனர் என்பதை வருவோர்க்கு அறிவிக்கும் சின்னமாகும். காரைக்குடியில் 1907இல் பிறந்த ஏ. வி. மெய்யப்பன், சென்னையில் இசைத்தட்டு வாணிகத்திற்கென நிறுவிய கடைக்குச் 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' என்று பெயரிட்டதும் இம்மரபையொட்டியதே எனலாம்.

அக்காலத்து இசைத்தட்டுகள் பெரும்பாலும் எளிய காகித உறைகளில் வந்தன. அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்னும் கலைஞர் 1940 அளவில் ஓவிய உறைகளைப் புகுத்தினார். அதுமுதல் உறையே இசையின் வாயில் நிலையாயிற்று.

இவ்வரலாற்றில் 1967ஆம் ஆண்டு நம் சிந்தனைக்குரியது. இலண்டனில் பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜண்ட் பெப்பர்' தொகுப்பின் உறைக்கெனப் புகழ்பெற்றோர் பலரின் உருவங்கள் நிறுத்தப்பட்டன. அவற்றுள் காந்தியடிகளின் உருவமும் இருந்தது. இந்திய மக்களின் மனம் புண்படும் என்று இ.எம்.ஐ. நிறுவனத்தார் அஞ்சியதால் அது நீக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் ஜிமி ஹென்றிக்ஸ் குழுவினரின் 'ஆக்சிஸ்: போல்ட் ஆஸ் லவ்' வெளிவந்தது. இந்தியாவில் அச்சாகி விற்கப்பட்ட திருமாலின் விசுவரூபப் படமொன்றில் அக்குழுவினர் மூவரின் முகங்களும் அதன் உறையில் பொருத்தப்பட்டிருந்தன. ஹென்றிக்ஸோ தம் அமெரிக்கப் பூர்வகுடி மரபைக் காட்டும் உறையையே விரும்பியிருந்தார். 'இந்தியன்' என்ற ஒரே சொல் இரு மக்களைக் குறித்தமையால் ஒருவர் சின்னம் மற்றவர்மேல் ஏற்றப்பட்டது போலும்! நகரத்தார் பல தலைமுறைகள் வாணிகம் செய்த மலேசியாவில், 2014இல் அரசு இவ்வுறையைத் தடைசெய்தது.

காந்தியடிகள் விலக்கப்பட்டார், திருமால் எடுத்தாளப்பட்டார். இரு முடிவுகளும் முரண்பட்டனவாகத் தோன்றினும், அவற்றின் குறை ஒன்றே. அச்சின்னத்தைப் போற்றும் மக்களை எவரும் கலந்து கொள்ளவில்லை. ஆனால், 1947இல் மெய்யப்பனார் காரைக்குடியை அடுத்து அமைத்த படப்பிடிப்புத் தளத்தில் உருவான 'நாம் இருவர்' படத்தில் காந்தியடிகளைப் போற்றும் பாடல் ஒலித்தபோது எவர் மனமும் புண்படவில்லை. பாடியோரும் கேட்டோரும் அவரைத் தம்மவராகக் கொண்டிருந்ததே அதற்குக் காரணம்.

அதே 1947இல்தான் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. அதன் இலச்சினையில் சிலுவையோடு தாமரையும் இடம் பெற்றுள்ளது. நாமும் இம்மண்ணின் சின்னத்தை எடுத்தாண்டவர்களே. தாமரையை நெடுங்காலமாகப் போற்றிவரும் அயலாரிடம் அதன் பொருளைக் கேட்டறிந்தோமா? அவ்வாறு கேட்கும் திருச்சபைக்கே அச்சின்னம் அணியாகும். கேளாதபோது அது வெறும் உறையாகவே நின்றுவிடும்.