ஊழியம் என்னும் சொல்லும் நாகர்கோவில் பெண்பிள்ளைகளும்



நம்முடைய சபைகளில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் ஒன்று ‘ஊழியம்’. தேவனுக்குச் செய்யும் பணியை அவ்வாறு அழைக்கிறோம்; போதகரை ஊழியர் என்கிறோம். ஆனால் 200 ஆண்டுகளுக்கு முன் தென் திருவிதாங்கூரின் ஏழைக் குடிசை ஒன்றில் இச்சொல்லை உரக்கச் சொல்லியிருந்தால், கேட்டவர்களின் முகம் வாடியிருக்கும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டமாகிய அந்தப் பகுதியில், ஊழியம் என்பது கூலியின்றிச் செய்யவேண்டிய கட்டாய வேலையைக் குறித்தது. அழைப்பு வந்தால் தன் வேலையைப் போட்டுவிட்டுப் போகவேண்டும், சுமை சுமக்கவேண்டும், அன்றைக்கு வீட்டில் அடுப்பெரிய வழியுண்டா என்று கேட்பாரில்லை. இவ்வாரம் அந்தச் சொல்லையும், அதன் பாரத்தின்கீழ் வளர்ந்த பிள்ளைகளுக்காக எழுந்த ஒரு பள்ளிக்கூடத்தையும் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று, 1806-இல் ரிங்கல்தௌபே ஐயர் திருவிதாங்கூருக்குள் வந்தார். ஆலயம் எழுப்பியதோடு பள்ளிகளையும் தொடங்கினார். அவருக்குப்பின் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் ஐயரும், 1819-இன் இறுதியில் தம் துணைவியாரோடு சார்லஸ் மால்ட் ஐயரும் வந்தனர். பணியின் மையம் நாகர்கோவிலுக்கு மாறிற்று. அங்கே ஆண்பிள்ளைகளுக்கு ஒரு செமினரி ஏற்பட்டது. ரெசிடெண்டாயிருந்த கர்னல் மன்றோவின் முயற்சியால் ராணி கௌரி பார்வதி பாய் 5,000 ரூபாய் கொடுத்தார்; அதைக்கொண்டு வாங்கிய வயல்களின் வருமானம் செமினரியைத் தாங்கிற்று. இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் அதுவே.

அதனருகே, அரவமின்றி, மற்றொரு பள்ளியும் முளைத்தது. மீட் அம்மையாரும் மார்த்தா மால்ட் அம்மையாரும் பெண்பிள்ளைகளைத் தங்கவைத்துக் கற்பித்த பள்ளி அது. பெண்பிள்ளை எழுத்தறிவது வீட்டுக்கு ஆகாது என்று பலர் எண்ணிய காலம். அதனினும் பெரிய தடை வறுமை. ஓர் ஏழை வீட்டில் பத்து வயதுப் பெண் என்பவள் பிள்ளை மட்டுமல்லள். தம்பி தங்கையைத் தூக்கிச் சுமப்பவள், விறகு பொறுக்குபவள், வயலில் தாயோடு குனிபவள். அவளைப் பள்ளிக்கு அனுப்புவது இரண்டு கைகளை இழப்பதாகும். ஆகவே அவர்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் கொடுத்தே கற்பிக்கவேண்டியிருந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு, வேதபாடம், தையல் ஆகியவை அவர்கள் கற்றவை.

1821-ஆம் ஆண்டளவில் மால்ட் அம்மையார் அப்பள்ளியில் ஒரு கைத்தொழிலையும் கற்பிக்கத் தொடங்கினார். ரேந்தை என்று நம் மக்கள் அழைத்த லேஸ் பின்னல் அது. மடிக்கு முன்னால் ஒரு திண்டு. அதன்மேல் மாதிரி வரைந்த தாள். அதில் வரிசையாகக் குத்திய ஊசிகள். நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகளை அந்த ஊசிகளைச் சுற்றி மாற்றி மாற்றி வீசி முறுக்கவேண்டும். ஓர் இழை தவறினாலும் பூ உருக்குலைந்துவிடும். பொறுமையும் கூரிய கண்ணும் வேண்டிய வேலை. விறகும் சாணமும் சுமந்த கைகள் அதைக் கற்றுத் தேர்ந்தன. அந்த லேஸ் ஐரோப்பியரிடையே விலைபோயிற்று. கிடைத்த பணம் பள்ளியை நடத்த உதவிற்று. பின்னிய கைகளுக்கும் கூலி சென்றது.

பிரியமானவர்களே, அந்தக் கூலியைச் சற்று நினைத்துப் பாருங்கள். அப்பனும் பாட்டனும் ஊழியம் செய்து ஒரு காசும் காணாத குடும்பத்தில், ஒரு பெண்பிள்ளை தன் வேலைக்கு விலை உண்டென்று அறிந்தாள். அக்காலத் திருவிதாங்கூரில் சாம்பவர், புலையர் முதலிய மக்களுள் பலர் நிலத்தோடு சேர்த்து விற்கப்படும் அடிமைகளாயிருந்தனர். அப்படிப்பட்ட அடிமைப் பெண்களுள் சிலர், லேஸ் பின்னி ஈட்டிய பணத்தைத் தங்கள் விலையாகக் கொடுத்து விடுதலை பெற்றார்கள் என்று மிஷன் வரலாறு சாட்சி கூறுகிறது. மிஷனெரிமார் 1847-இல் அடிமைகளுக்காக மகாராஜாவிடம் மனுக் கொடுத்தனர். 1855-இல்தான் அடிமைத்தனத்தை ஒழிக்கும் அரசாணை முழுமையாக வந்தது. அரசாணை வருமுன்னே அந்தப் பெண்கள் நூலிழையால் தங்கள் கட்டை அறுத்துக்கொண்டார்கள்.

ஆயினும் அந்தப் பள்ளியின் கதை இனிமையாகவே முடிந்ததென்று நாம் சொல்லக்கூடாது. அந்தப் பிள்ளைகள் பின்னிய லேஸ் பிறருடைய ஆடைகளின் கழுத்தையும் கையையும் அலங்கரித்தது; அவர்களுடைய தாய்மாருக்கோ தோளை மூடும் உரிமைகூட இல்லை. பள்ளியில் குப்பாயம் தைத்து அணியக் கற்ற பெண்கள் தெருவில் இறங்கியபோது அடிக்கப்பட்டார்கள். அவர்களுடைய ஆடைகள் கிழிக்கப்பட்டன. ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் தீக்கிரையாயின. 1829-இல் வந்த பிரகடனம் நாடார் பெண்களுக்குத் தோள்சீலை உரிமையை மறுத்தது. மீண்டும் கலவரங்கள் மூண்டபின், 1859 ஜூலை 26-இல்தான் மேனியை மூடும் உரிமையை அரசு அறிவித்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப்போல் அணியக்கூடாதென்ற தடை நீடித்தது. சபைக்குள்ளும் சாதிவேற்றுமை எளிதில் மறையவில்லை. பள்ளிக்கூடம் ஒரு வாசலைத் திறந்தது. அதற்கப்பால் நெடும்பாதை இருந்தது.

அப்போஸ்தலர் நடபடிகள் 9-ஆம் அதிகாரத்தில் யோப்பாவிலிருந்த தொற்காளைக் காண்கிறோம். அவள் மரித்தபோது விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவள் செய்து கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டி அழுதார்கள். அவளுடைய பேச்சை ஒருவரும் நினைவுகூரவில்லை. உடுத்தியிருந்த துணியே சாட்சியாயிற்று. நாகர்கோவில் பள்ளியும் அப்படியே சாட்சி பகர்ந்தது. தேவன் மனிதனைத் தம் சாயலாகப் படைத்தார் என்பதை அது பாடமாகச் சொல்லிக்கொடுத்ததோடு, ஒரு பிள்ளையின் தோளுக்குக் குப்பாயமாகவும் கைக்குக் கூலியாகவும் கொடுத்தது.

அந்தப் பிள்ளைகளின் வழிவந்தோர் இன்று ஆசிரியராகவும் மருத்துவராகவும் அதிகாரிகளாகவும் இருக்கிறார்கள். ‘ஊழியம்’ என்ற சொல்லும் மீட்கப்பட்டுவிட்டது. மனமுவந்து தேவனுக்குக் கொடுப்பதே இன்று ஊழியம். ஆனால் மீட்கப்பட்ட சொல் மறுபடியும் அடிமைப்படக்கூடும். குறைந்த சம்பளத்துக்கு நாள்முழுதும் நின்று கற்பிக்கும் ஆசிரியையிடம், “இதை ஊழியமாக நினைத்துச் செய்யுங்கள், அம்மா” என்று சொல்லப்படுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பள்ளி வளாகத்தைப் பெருக்குபவரிடமும் விடுதியில் சமைப்பவரிடமும் அதே வார்த்தை சொல்லப்படுகிறது. தானாக முன்வந்து கொடுப்பவருக்கு அது ஊழியம். வேறு வழியில்லாமல் வாங்கும் சம்பளத்தைக் குறைத்துவிட்டு, அக்குறைவை மூட அந்தச் சொல்லைப் போர்த்தினால், அது திருவிதாங்கூரின் பழைய ஊழியமே. அயலானைக் கூலியின்றி வேலைகொண்டு வீட்டைக் கட்டுகிறவனைக் குறித்து எரேமியா 22-ஆம் அதிகாரம் என்ன சொல்லுகிறதென்று இவ்வாரம் வாசித்துப் பாருங்கள். அரண்மனைக்குச் சொல்லப்பட்ட அந்த எச்சரிப்பு ஆலயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தாதா?

உங்களுள் சிலர் பள்ளி நிர்வாகக் குழுக்களில் அமர்ந்திருக்கிறீர்கள். சிலர் வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கிறீர்கள். சிலருடைய கடையில் பிள்ளைகளைப் படிக்கவைக்கத் திணறும் தாய்மார் வேலைசெய்கிறார்கள். இம்மாதச் சம்பளத்தை எண்ணிக் கொடுக்கும்போது ஒரு கணம் நின்று யோசியுங்கள்: அந்தப் பணத்தைக்கொண்டு அவர்கள் வீட்டுப் பெண்பிள்ளை பள்ளியில் நிலைத்திருக்க முடியுமா? முடியாதென்றால், அந்தப் பிள்ளையின் கட்டணத்தையோ புத்தகத்தையோ ஏற்றுக்கொள்வது நற்செயலே. அதற்குமுன் அவளுடைய தாயின் கூலியைச் சரிசெய்வது நீதி. அந்தத் தாய் தன் கையால் ஈட்டியதைக்கொண்டு தன் மகளை நிமிர்ந்து நடக்கவைக்கட்டும்.

கூலியை நிறுத்திவைக்காத கர்த்தர், நம் கைகளையும் நீதியுள்ளவையாக்குவாராக. ஆமென்.