உதகைப் படக்காரர் பென்

அரசர்க்குச் சரித்திரம் உண்டு, தளபதிக்கும் உண்டு. அவ்விருவரையும் நாற்காலியில் அமர்த்திப் படம் பிடித்தவனுக்கோ பெரும்பாலும் சரித்திரம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் சிற்றூர்களில் நிழற்படக் கலையால் பிழைத்தோர் பலர், படத்தின் ஓரத்தில் ஒரு பெயரை மட்டும் விட்டு மறைந்தனர். அங்ஙனம் மறைந்து, பின்னர் மீட்கப்பட்டவருள் ஒருவர் உதகமண்டலத்து ஆல்பர்ட் தாமஸ் வாட்சன் பென். தோட்ட மக்களாகிய நாம் அவர் வரலாற்றை அறிதல் நலம்.

பென் 1849-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1865-இல், ஏறக்குறைய 16 வயதில், சென்னை மாகாணத்திற்கு வந்து, நிகோலஸ் சகோதரர் நடத்திய படநிலையத்தில் பணியேற்றார். பின்னர் உதகையிலேயே தம் பெயரால் தொழில் நடத்தினார். கோடைதோறும் கவர்னரும் அதிகாரிகளும் தங்கிய மலைநகரம் அது. படக்காரருக்கு அங்கே வேலைக்குக் குறைவில்லை. 1924-இல் அவர் காலமானார்.

அக்காலத்துப் படத் தொழில் இன்றுபோல் எளிதன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் பிடித்து, உடனே மருந்திற் கழுவுதல் வேண்டும். ஆகவே படக்காரர் செல்லுமிடமெல்லாம் இருட்டறைக் கூடாரமும் உடன் செல்லும். மலைரயில் குன்னூரை எட்டியதே 1899-இல்தான். அதற்கு முன் அப்பாரமனைத்தும் மாட்டுவண்டியிலும் மனிதர் தோளிலுமே மலையேற வேண்டும். படத்தில் ஒருவர் பெயர். பாரத்தில் எத்தனை பேர் வியர்வை!

பென் மலைக்காட்சிகளையும் ஐரோப்பியக் குடும்பங்களையும் படம் பிடித்தார். தோடர் முதலிய மலைக்குடிகளையும் பிடித்தார். நீலகிரிச் சரிவுகளில் காப்பியும் சிங்கோனாவும் தேயிலையும் பரவிய காலம் அது. சமவெளித் தமிழர் கூலிகளாய் மலையேறிய காலமும் அதுவே. அவருடைய சகோதரரே பின்னர் கப்பலேறி மலாய் நாட்டுக்கும் வந்தனர்.

பென்னின் வாழ்வை மீட்டவர் அவர் வழித்தோன்றலான கிறிஸ்தோபர் பென். நூலகங்களிலும் பழங்குடும்பங்களின் ஆல்பங்களிலும் சிதறிக் கிடந்த படங்களைத் தேடி ஒப்பிட்டு, 2008-இலும் 2014-இலும் நூல்களாக வெளியிட்டார். படத்தின் அடியிலிருந்த பெயரே அத்தேடலுக்கு நூலிழையாயிற்று. ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தால் நூறாண்டு கழித்தும் ஒரு மனிதனை மீட்கலாம் என்பதற்கு இது சான்று.

ஆயின், அக்காலப் படங்களில் நின்ற மலைவாசிகளின் கதி யாது? "தோடர்", "கூலிகள்" என்று இனத்தையும் தொழிலையும் குறித்தார்களேயன்றி, பெயர் குறித்தவர் அரியர். துரைக்குப் பெயர், துரைசானிக்குப் பெயர். நம்மவர்க்குத் தொகைப்பெயர் ஒன்றே! முகம் இருந்தும் பேர் இல்லாதோர் சரித்திரத்தில் எவ்விடம் பெறுவர்?

நம் மலாக்காவை நோக்குவோம். புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் 1896-இல் ரப்பர் பயிரிட்டார். அவர் பெயரை நூல்கள் போற்றுகின்றன. பால்மரம் சீவிய நம் பாட்டன் பாட்டியர் பெயரோ செக்ரோலில் மட்டுமே ஏறிற்று. தோட்டத்துக் கிராணியாகிய யான் நாளும் காண்பது இதுவே: செக்ரோலில் பெயர் உண்டு, முகம் இல்லை, பழம்படத்தில் முகம் உண்டு, பெயர் இல்லை. இவ்விரண்டையும் இணைத்துச் சொல்லத்தக்க முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் நகரங்களுக்குச் சிதறிவிட்டன.

"படம் பிடித்தால் ஆயுள் குறையும்" என்று அஞ்சிய மூடத்தனம் ஒழிந்தது, நன்று. பிடித்த படத்தைப் பெட்டியடியில் கறையானுக்கு ஈவதும் அதனினும் குறைந்த பேதைமையன்று. அன்பர்களே, பழம்படத்தை எடுங்கள். பாட்டியை அருகில் அமர்த்துங்கள். நிற்பவர் யார், எவ்வூர், எத்தோட்டம், எவ்வாண்டு எனக் கேளுங்கள். பின்புறத்தில் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். சாதிப்பட்டம் வேண்டா, பெயர் போதும். பென்னை மீட்டது ஒரு பெயர். நம் முன்னோரை மீட்கவும் அதுவே வழி.